பிரசவ நேரத் தீர்மானங்கள்: கேட்டறிந்து முடிவெடுப்போம்

"டொக்டர் சொன்னால் சரி" என்று தலையாட்டிவிட்டு வருவது எம்மவரிடையே பழகிப்போன ஒன்று. பிரசவ நேரத்தில் வலியும் பதற்றமும் சேர்ந்துகொள்வதால் கேள்வி கேட்கவே தோன்றுவதில்லை. ஆனால் இங்கே பிரித்தானியாவில் எந்தச் சிகிச்சையையும் ஏற்பதும் மறுப்பதும் தாயின் உரிமை. ஒவ்வொரு முறையிலும் நன்மையும் உண்டு, பாதிப்பும் உண்டு. வழக்கமாக எழும் இரண்டு கேள்விகளைப் பார்ப்போம்.

வலியைத் தூண்டலாமா?

குறித்த நாள் கடந்தும் வலி வராவிட்டால், 41 வாரமளவில் மருந்து வைத்தோ, ஒக்சிடோசின் ஏற்றியோ வலியைத் தூண்டலாம் என்பார்கள். காலம் கடக்கக் கடக்கக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து சிறிது சிறிதாகக் கூடுவதே இதற்குக் காரணம். 2019 இல் வெளியான சுவீடன் ஆய்வில் சுமார் 2,760 தாய்மார் பங்குகொண்டனர். 41 வாரத்தில் தூண்டப்பட்ட பிரிவில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 42 வாரம்வரை காத்திருந்த பிரிவில் 6 குழந்தைகள் இறந்ததால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. தூண்டிய வலி கூடுதல் கடுமையாக இருக்கலாம். பிரசவம் முடிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மருந்து ஏற்றும்போது குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருப்பதால் நடமாட்டமும் குறையும்.

எம்மவரிடையே கர்ப்பகால நீரிழிவு அதிகம். அது இருந்தால் 40 வாரமும் 6 நாட்களும் தாண்டாமல் பிரசவம் நடக்கவேண்டும் என்பது நைஸ் அமைப்பின் வழிகாட்டல். ஆனால் ஆசியர் என்பது மட்டுமே தூண்டுவதற்குக் காரணமாகாது. 2021 இல் நைஸ் வெளியிட்ட வரைவில் சிறுபான்மை இனத் தாய்மாருக்கு 39 வாரத்திலேயே தூண்டுவது பற்றிய யோசனை இருந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் இறுதி வழிகாட்டலில் அது நீக்கப்பட்டது.

எபிடியூரல் போடலாமா?

வலியைக் குறைப்பதில் இதற்கு நிகரில்லை. "முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க முதுகுவலி" என்று எங்கள் அம்மாமார் சொல்வதுண்டு. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. சிசேரியன் வாய்ப்பைக் கூட்டுவதாகவும் தெரியவில்லை. ஆனால் இரத்த அழுத்தம் குறையலாம், அரிப்பும் காய்ச்சலும் வரலாம், குழந்தையைத் தள்ளும் நேரம் நீளலாம். சுமார் 100 பேரில் ஒருவருக்குக் கடும் தலையிடி வரும். சிலருக்கு ஊசி சரியாக வேலை செய்யாமலும் போகும்.

சட்டம் சொல்வது

ஸ்கொட்லாந்தில் நீரிழிவு உள்ள, உயரம் குறைந்த ஒரு தாய், குழந்தை பெரிதாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். நீரிழிவுள்ள தாய்மாரில் 100 இல் 9 அல்லது 10 பேருக்குக் குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்து உண்டு என்பதை வைத்தியர் அவருக்குச் சொல்லவில்லை. 1999 இல் பிரசவத்தில் தோள் சிக்கியது. மகன் மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தான். 2015 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், முக்கியமான ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் தாயிடம் சொல்வது வைத்தியரின் கடமை எனத் தீர்ப்பளித்தது. மொண்ட்கொமரி வழக்கு எனப்படும் இத்தீர்ப்பு நம் எல்லோருக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்:

1. இதனால் எனக்கும் பிள்ளைக்கும் என்ன நன்மை?
2. என்ன ஆபத்து? 100 பேரில் எத்தனை பேருக்கு?
3. வேறு வழி உண்டா?
4. இப்போது எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தால் என்ன ஆகும்?

இவற்றை ஏழாம், எட்டாம் மாதத்திலேயே மிட்வைஃபிடம் கேளுங்கள். அவசர நேரத்தில் சில நிமிடங்களில் முடிவெடுக்க நேரிடும். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். என்.எச்.எஸ். அதை இலவசமாக ஏற்பாடு செய்யும். கணவரோ மாமியாரோ மொழிபெயர்க்கும்போது தாயின் மனதில் உள்ளது விடுபட்டுப் போகலாம்.

எதைத் தெரிவு செய்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலோ இரத்தம் போனாலோ நேரம் பாராமல் உடனே மகப்பேற்றுப் பிரிவை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.