'போல்டு' என்னும் ஒரு சொல்

ஒரு சொல் பல பொருள் உணர்த்துதல் எல்லா மொழிகட்கும் இயல்பு. அத்தகைய சொல்லின் பொருளை உடன்வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் எனத் தொல்காப்பியர் வழிகாட்டுகின்றார். 'ஏலம் மணக்கின்றது' எனின் நறுமணக் காய்; 'ஏலம் தொடங்கிற்று' எனின் போட்டி விற்பனை. பின்னது போர்த்துக்கீசிய மொழி தந்த சொல். போடிநாயக்கனூரில் ஏலமே ஏலத்தில் விற்கப்படுவதால் இவ்விரு பொருளும் ஒருங்கே வழங்குகின்றன.

அச்சந்தையில் நாளும் ஒலிக்கும் ஆங்கிலச் சொல் 'போல்டு'. அகராதியில் 'துணிவுடைய' என்பதே அதன் முதற்பொருள். அச்சகத்தார்க்கு அது தடித்த எழுத்து. கடலோடிகட்குக் கரையோரமே ஆழமுடைய செங்குத்தான கடற்கரை. அயர்லாந்தில் குறும்பு செய்யும் பிள்ளையை அச்சொல்லால் கடிவர்.

போடியிலோ அது காயின் பருமனைக் குறிக்கும். அக்மார்க் தரவரிசையில், ஆலப்புழைப் பச்சை வகையில் 7 மி.மீ. அளவினது 'எக்ஸ்ட்ரா போல்டு', 6 மி.மீ. அளவினது 'போல்டு'; 5 மி.மீ. அளவினது 'சுப்பீரியர்'. சல்லடைக் கண்ணின் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு விலையையே மாற்றிவிடும். விருந்தினர்க்கு ஏலம் சேர்த்த காப்பி அளித்துப் போற்றும் அரபு நாடுகளில், பசுமையும் பருமனும் உடைய காய்க்கு மதிப்பு மிகுதி. இந்நிலையில் வணிக மடல் ஒன்றை மொழிபெயர்ப்பவர் அகராதியை மட்டும் நம்பி, 'மிகத் துணிவுள்ள ஏலக்காய்' என எழுதினால் நகைப்பு மட்டுமோ, நட்டமும் விளையும்.

விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைத்தோட்டங்கட்குச் சென்று காய் பறிப்போர் நம் ஊர்ப் பெண்கள். போடியில் முறமும் சல்லடையும் கொண்டு தரம் பிரிப்போரும் பெண்களே. ஆங்கிலம் பயிலாதாரும் 'போல்டுக்காய்' எனத் தமிழாக்கி வழங்கும் அச்சொல்லின் பொருளில் ஒருகாலும் பிழைபடுவதில்லை. அவர்தம் கண்ணும் விரலுமே அகராதி. வளைந்து நெளியும் மலைப்பாதையில் அன்றாடம் பயணம் செய்து குடும்பம் காக்கும் அவர்க்கு, அச்சொல்லின் முதற்பொருளும் பொருந்தும் அன்றோ?

சொற்பொருள் நூலில் மட்டும் உறைவதன்று. வழங்கும் மக்களிடத்தும் வாழ்வது. ஆதலின் தமிழ் பயிலும் மாணவர்கள், தத்தம் இல்லத்தார் தொழிலில் வழங்கும் சொற்களைக் கேட்டறிந்து தொகுத்தல் வேண்டும். அத்தொழில் அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே அப்பணியைத் தொடங்குவோமாக!