வண்டின் வண்ணம் சொல்வது என்ன?

இலையோடு இலையாகப் பச்சை வெட்டுக்கிளி ஒளிந்திருக்கும். மரப்பட்டையில் அதன் நிறத்திலேயே அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். பறவையின் கண்ணில் பட்டால் உயிர் போய்விடுமே! அப்படியிருக்க, சில வண்டுகள் மட்டும் திருவிழாவுக்குப் புறப்பட்டவை போலப் பட்டப்பகலில் பூவின் மேல் அமர்ந்திருக்கின்றனவே, அது ஏன்?

இந்த ஐயம் எங்கள் வகுப்பில் எழக் காரணம் ஒரு கொப்புளம்! தோட்டத்துச் செம்பருத்திப் பூவைக் கறுப்பு வண்டு ஒன்று தின்றுகொண்டிருந்தது. அதன் முதுகில் ஆரஞ்சு நிறப் பட்டைகள். அழகில் மயங்கி எங்களுள் ஒருத்தி அதைக் கையில் எடுத்தாள். அது கால்களை மடக்கிச் செத்தது போல் கிடந்தது. கால் மூட்டுகளில் மஞ்சள் நிறத் துளிகள் கசிந்தன. மறுநாள் அவள் மணிக்கட்டு கொப்புளித்துவிட்டது. "அதன் பெயரே கொப்புள வண்டுதான்" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை.

அத்துளியில் உள்ள நஞ்சு காந்தாரிடின். இவ்வினத்து வண்டு ஒன்றிலிருந்து 1810-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் ராபிக்கே இதைப் பிரித்தெடுத்தார். உலர்ந்த தீவனத்தோடு இவ்வண்டுகளைத் தின்ற குதிரைகள் இறந்ததும் உண்டு. சிவப்பில் கரும்புள்ளிகள் கொண்ட பொறிவண்டும் இப்படியே கால் மூட்டுகளில் கசப்பு நீரைக் கசியவிடும்.

நஞ்சு இருந்தால் போதாதா, நிறம் எதற்கு? விழுங்கிய பிறகு பறவைக்குத் தெரிந்து வண்டுக்கு என்ன பயன்? கொத்துவதற்கு முன்பே தெரிய வேண்டும். பளிச்சென்ற நிறமுடைய புழுக்களைப் பற்றி 1867-இல் டார்வின் கேட்டபோது, வாலஸ் என்னும் அறிஞர் இவ்விளக்கத்தையே கூறினார். இளம் பறவை ஒருமுறை கொத்தும், வாய் கசக்கும், துப்பிவிடும். அந்த நிறத்தைக் கண்டால் அடுத்த முறை விலகிப் போகும். மங்கிய நிறத்தைவிடப் பளிச்சென்ற நிறமே எளிதில் நினைவில் நிற்கும்.

அப்படியானால் முதலில் கொத்துப்பட்ட வண்டின் கதி? சில நேரம் அது பிழைக்கும். சில நேரம் மடியும். ஒவ்வோர் இளம் பறவையும் புதிதாகப் பாடம் கற்பதால் இந்த இழப்பு ஓயாது. நஞ்சுடைய பல இனங்கள் ஒரே மாதிரி உடையணிந்தால், ஒரு பாடமே எல்லாவற்றுக்கும் போதும். ஒவ்வோர் இனத்துக்கும் இழப்பு குறையும். இதை 1879-இல் விளக்கியவர் பிரிட்ஸ் முல்லர். நஞ்சில்லாத சில பூச்சிகளும் அதே உடையைப் போட்டுக்கொண்டு தப்பிவிடுகின்றன. இந்த ஏமாற்று வித்தையை 1862-இலேயே எடுத்துரைத்தவர் பேட்ஸ்.

தோழியரே, அசுவினிப் பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டைக் கொல்ல வேண்டாம். கொப்புள வண்டை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். எங்கள் தோழியின் புண் பத்து நாளில் ஆறிவிட்டது. அதன்பின் எங்களில் எவரும் அந்த ஆரஞ்சுப் பட்டைகளின் அருகில் கை நீட்டியதில்லை. வலி அவளுக்கு, பாடம் எங்கள் அனைவருக்கும்!