ஹார்ட் டிஸ்கில் இல்லாத தலைகள்

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கில் ஒவ்வோர் இடத்துக்கும் சிலிண்டர், ஹெட், செக்டர் என மூன்று எண்களாலான முகவரி உண்டு. உள்ளே, ஒரே தண்டில் கோத்த இட்லித் தட்டுகளைப் போல வட்டத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் படிக்கவும் எழுதவும் ஒரு ஹெட், அதாவது தலை. பக்கத்தின் மேல் வளையங்களாக அமைந்தவை டிராக்குகள். மையத்திலிருந்து ஒரே தொலைவிலுள்ள டிராக்குகள் எல்லாம் சேர்ந்தது ஒரு சிலிண்டர். டிராக்கின் ஒரு துண்டு செக்டர். அதன் கொள்ளளவு 512 பைட். 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியின் டிஸ்கில் 306 சிலிண்டர், 4 ஹெட், டிராக்குக்கு 17 செக்டர். பெருக்கினால் 1,06,53,696 பைட். அன்றைய 10 எம்பி அதுதான்.

கணினியின் அடிப்படை நிரலான பயாஸ் இந்த முகவரிக்கு 24 பிட் ஒதுக்கியது: சிலிண்டருக்கு 10, ஹெட்டுக்கு 8, செக்டருக்கு 6. செக்டர்கள் 1-இலிருந்து எண்ணப்படுவதால் உச்சம் 63. ஐடிஇ என்ற இணைப்பு முறையோ ஹெட்டுக்கு 4 பிட்டே தந்தது. இரண்டுக்கும் பொதுவான எல்லை 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். அதாவது 528 எம்பி.

இந்த எல்லையைத் தாண்ட பயாஸ் கணக்கை மாற்றிக்கொண்டது. 2,048 சிலிண்டர், 16 ஹெட் என்பதை 1,024 சிலிண்டர், 32 ஹெட் என்று காட்டியது. இப்படி 255 ஹெட் வரை போனதில் எல்லை 8.4 ஜிபிக்கு உயர்ந்தது. உண்மையில் 255 ஹெட் இருக்க 128 தட்டுகள் வேண்டும். டிஸ்கில் இருப்பதோ இரண்டு மூன்று. 63 செக்டர் என்பதும் கற்பனையே. வெளி டிராக் நீளமானது. அதில் உள் டிராக்கைவிடக் கூடுதல் செக்டர்கள் இருக்கும்.

இந்தக் கற்பனைக் கணக்கை வைத்தே பார்ட்டிஷன்களின், அதாவது டிஸ்கைப் பிரித்த பகுதிகளின், தொடக்கமும் முடிவும் டிஸ்கின் முதல் செக்டரில் எழுதப்பட்டன. வேறு கணக்குப் போடும் கணினியில் அதே டிஸ்கை மாட்டினால் எல்லைகள் பிசகித் தெரியலாம். நிலம் அளக்கும் சங்கிலி மாறினால் எல்லைக்கல் தவறாகத் தெரியும், நிலம் நகர்வதில்லை. கோப்புகளும் அப்படியே இருக்கும். அந்நிலையில் டிஸ்க் கெட்டுவிட்டதென்று அவசரமாக ஃபார்மேட் செய்வதுதான் உண்மையான இழப்பு. பயாஸ் காட்டும் மூன்று எண்களை முதலிலேயே தாளில் குறித்து கணினிப் பெட்டிக்குள் ஒட்டிவைப்பதும், கோப்புகளுக்கு நகல் எடுப்பதும், பார்ட்டிஷன் போட்ட பின் பயாஸ் அமைப்பை மாற்றாதிருப்பதும் அந்த இழப்பைத் தவிர்க்கும். பழைய பூட் நிரல்களுக்கு, இயக்க முறைமையைத் தொடங்கும் கோப்புகள் முதல் 1,024 சிலிண்டருக்குள் இருப்பதும் அவசியம்.

செக்டர்களை 0-இலிருந்து வரிசையாக எண்ணும் எல்பிஏ முறை வந்தபின் மூன்று எண்களின் தேவை மறைந்தது. பழைய நிரல்கள் முதல் டிராக்கை விட்டு 63-ஆம் எண்ணில் பார்ட்டிஷனைத் தொடங்கின. 4,096 பைட் செக்டர் கொண்ட டிஸ்கில் இது பொருந்தாமல் வேகத்தைக் குறைக்கும். அதனால் புதிய நிரல்கள் 2,048-ஆம் எண்ணில் தொடங்குகின்றன.