அடாப்டரை அடையாளம் தெரியாத மடிக்கணினி

சென்ற மாதம் எங்கள் வீட்டு மடிக்கணினி திடீரென்று நத்தையாகிவிட்டது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வந்துசேர இரண்டு விநாடி. பேத்தி பள்ளியில் கொடுக்கவேண்டிய கட்டுரை அதில் பாதியில் நின்றது. "ஆறு வருஷம் ஆயிடுச்சுப்பா, இதோட ஆயுசு அவ்வளவுதான்" என்றான் பிள்ளை. நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர் வைரஸ் என்று தீர்ப்புச் சொல்லி, விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினார். கூலி போனதுதான் மிச்சம். ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்க வீடே தயாரான சமயத்தில், பேத்தி போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்: "தாத்தா, வயரைப் பிடுங்கிட்டா நல்லா ஓடுது."

ரயில்வே சிக்னல் பிரிவில் பழுது பார்த்தே வயதானவனுக்கு அது போதும். பேட்டரியில் ஓடுகிறது, அடாப்டரில் தவழ்கிறது என்றால் கோளாறு வைரஸும் அல்ல, வயதும் அல்ல. பழைய அடாப்டரின் வயர் கழுத்தில் அறுந்துபோய், இரண்டு வாரம் முன்புதான் நடைபாதைக் கடையில் ஒன்று வாங்கியிருந்தோம். மல்டிமீட்டரில் பார்த்தேன், 19.5 வோல்ட் சரியாகவே காட்டியது. ஆனால் கணினியைத் திறக்கும்போதெல்லாம் 'அடாப்டரின் வாட், வகை தெரியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமலே ஒரு பொத்தானை அழுத்தித் தள்ளிவிடுவோம். நானும்தான்.

விஷயம் இதுதான். டெல் போன்ற சில கம்பெனிகளின் உருளை வடிவ அடாப்டர் முனையை உற்றுப் பாருங்கள். நடுவில் ஊசிபோல் ஒரு கம்பி இருக்கும். மின்சாரம் வருவது வெளி உருளையின் உள்பக்கமும் வெளிப்பக்கமுமாக. நடு ஊசி பேசுவதற்கு. டெல் அடாப்டருக்குள் ஒரு சின்னஞ்சிறு நினைவகச் சில்லு இருக்கிறது. 'நான் இத்தனை வாட், இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர்' என்று அது இந்த ஊசி வழியாகக் கணினிக்குச் சொல்கிறது. லெனோவோவின் செவ்வக முனையில் இதே வேலையை ஒரு ரெசிஸ்டர் செய்கிறது.

எதற்கு இந்த விசாரணை? 90 வாட் அடாப்டர் 19.5 வோல்ட்டில் 4.62 ஆம்பியர் தரும். 65 வாட் என்றால் 3.34 ஆம்பியர்தான். சிறிய அடாப்டரிடம் பெரிய சுமையை இழுத்தால் அது சூடேறும், வோல்ட் சரியும், கணினி அணையும். ஆகவே பதில் வராவிட்டால், வந்திருப்பது நோஞ்சான் அடாப்டர் என்றே கணினி வைத்துக்கொள்கிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துகிறது. பிராசஸரையும் மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடுகிறது. எங்களுடையது 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 0.78க்கு இறங்கியிருந்தது. பேட்டரியில் மட்டும் ஓடும்போது அதன் பலம் கணினிக்குத் தெரியும், அதனால் தயக்கமில்லை.

எங்கள் சிக்னல் பிரிவிலும் இதே புத்திதான். தானியங்கி சிக்னல் சிவப்பில் நின்றுவிட்டால் டிரைவர் பகலில் ஒரு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம் நிறுத்திவிட்டு, அதன்பின் ஊர்ந்து போகலாம். முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாதவரை வேகம் கிடையாது.

உங்கள் வீட்டிலும் சந்தேகம் இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வேகம் தெரியும். ஏதாவது வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அடாப்டரோடும் அடாப்டர் இல்லாமலும் பாருங்கள். டெல் கணினியில் திறக்கும்போதே எஃப்-2 அழுத்தினால் வரும் பயாஸ் திரையிலும் அடாப்டரின் வாட் எழுதியிருக்கும். 'அன்நோன்' என்றிருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அடுத்து, வயரைப் பிடுங்கிவிட்டு முனையைச் சோதியுங்கள். ஊசி வளைந்திருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம். மின்சாரம் வந்துகொண்டே இருந்தாலும், முனையருகே வளைகிற இடத்தில் உள்ளே மெல்லிய பேச்சுக் கம்பி மட்டும் அறுந்திருப்பதும் உண்டு. பிறகு அதே கம்பெனியின் அசல் அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். வோல்ட் ஒன்றாக இருக்கவேண்டும். வாட் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் தொல்லை. அசலையும் கணினி மதிக்கவில்லை என்றால் கோளாறு கணினிப் பக்கத்து சாக்கெட்டில் இருக்கலாம். பல மாடல்களில் அது தனியாக மாற்றக்கூடிய சிறு உறுப்பு. அதுவும் சரியாக இருந்தால்தான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. மாடி வீட்டு சர்தார்ஜி அவருடைய 90 வாட் அடாப்டரைக் கொடுத்தார். செருகியதும் எச்சரிக்கை மறைந்தது, வேகமும் 2.4க்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் பிள்ளை த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளைக் கண்டுபிடித்து வந்தான். வேகத்தைக் குறை என்று பிராசஸருக்கு வரும் கட்டளையை அது காதில் விழாமல் செய்துவிடும். கணினியும் ஓடும், உண்மைதான். ஆனால் அடாப்டர் நிஜமாகவே பலமில்லாததாக இருந்தால்? ரிலேயைக் கட்டிவைத்து சிக்னலைப் பச்சையாக்குவதற்கு என் கையால் அனுமதி கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

புதிதாக வரும் டைப்-சி மடிக்கணினிகளிலும் இந்தப் பேச்சுவார்த்தை உண்டு. போன் சார்ஜரைச் செருகிவிட்டு 'ஸ்லோ சார்ஜர்' என்கிறதே என்று குறைப்படுவதில் பயனில்லை.

அசல் அடாப்டர் ஒன்று வாங்கினோம். வாங்கும்போது ஐ.எஸ். 13252 என்ற எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கட்டுரை நாளைக்குள் முடிந்துவிடும் என்கிறாள் பேத்தி. வீட்டில் ஒன்றுபோல இருக்கும் ஐந்து கறுப்பு அடாப்டர்களுக்கும் எது எந்தக் கணினிக்கு, எத்தனை வாட் என்று சீட்டு ஒட்டிவிட்டேன். நடைபாதை அடாப்டரை மருமகள் குப்பையில் போட்டுவிட்டாள்.