உயர அச்சமும் தொடர்வண்டியும்

தேக்காவில் நிலத்தடி வண்டி ஏறி, ஊட்ரம் பார்க்கில் கிழக்கு மேற்குத் தடத்திற்கு மாறுவோர் தியோங் பாரு வரை நிலத்தடியிலேயே செல்வர். அடுத்த ரெட்ஹில் நிலையத்தில் தடம் தூண்கள்மீது ஏறிவிடும். அங்கே சிலருக்கு நெஞ்சு படபடக்கும். இது கோழைத்தனமன்று.

உடலின் நிலையைக் கண்ணும் உட்செவியும் தசைகளும் சேர்ந்தே காக்கின்றன. அருகிலுள்ள பொருள் நம் சிறு அசைவையும் கண்ணுக்குக் காட்டும், தொலைவிலுள்ளது காட்டாது. உயரத்திலோ அருகே நிலையான பொருள் குறைவு. ஆகவே கண்ணின் துணை தளர்ந்து, தடுமாற்றமும் அச்சமும் எழுகின்றன.

சுவிட்சர்லாந்தில் 1902இல் கட்டி முடிக்கப்பட்ட லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம். அங்கும் இங்கும் வழி ஒன்றே: அமர்ந்துகொண்டு சன்னல் சட்டத்தை நோக்குக. முதல் நாள் ஒரு நிலையம், பின்னர் இரண்டு எனப் பழகுக. வண்டியையே தவிர்ப்போர்க்கு அச்சம் வளரும், பழகுவோர்க்குத் தேயும்.