பழைய மோட்டார் வண்டிகளின் மூலக் கம்பளத்தை அறியும் முறை

பழம்பொருளின் பெறுமதி அதன் அழகில் மட்டும் தங்கியிருப்பதன்று. அது தோன்றிய காலத்துக்குச் சான்றாக நிற்பதிலும் தங்கியுள்ளது. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் போன்ற வண்டிகள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் புதுப்பிப்போர் இயந்திரத்தையும் வர்ணத்தையும் கருத்தோடு நோக்குவர். தரைக் கம்பளத்தையோ முதல் நாளிலேயே பிய்த்தெறிவர். அதனோடு அவ்வண்டியின் வரலாற்றில் ஓர் ஏடும் அழிந்துபோகின்றது. ஆகவே, தொழிற்சாலை இட்ட மூலக் கம்பளத்தைப் பின்னர் இட்டதினின்றும் பிரித்தறியும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது சான்று நெசவு. நற்பிட்டிமுனையின் அயலிலுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். துணியின் தரமறிய விரும்புவோர் அதன் மறுபுறத்தையும் புரட்டிப் பார்ப்பர். கம்பளத்துக்கும் அம்முறையே பொருந்தும். வில்டன் போன்ற நெய்த கம்பளங்களில், மேலெழுந்து நிற்கும் இழை பாவோடும் ஊடையோடும் பிணைந்திருக்கும். மற்றொரு வகையில், ஆயத்தமான அடித்துணியில் ஊசிகளால் இழையைக் குத்திச் செலுத்திப் பின்புறத்தில் இறப்பர்ப் பாலோ அதுபோன்ற பசையோ பூசுவர். இவ்வகை 1950ஆம் ஆண்டுக்குப் பின்னரே பெருவழக்காயிற்று. எனவே, 1948ஆம் ஆண்டு வண்டியில் இது காணப்படின் ஐயுறுதல் தகும்.

இரண்டாவது சான்று இழை. மறைவிடத்தில் ஓரிழையை எடுத்து, வண்டிக்கு அப்பால் தீயிலிட்டால், கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியாகும்; நைலன் உருகி இறுகிய மணியாகும். ஆயின் கம்பளியென்பது கொண்டே மூலமெனத் துணிதல் கூடாது. புதிய கம்பளியும் கிடைக்குமன்றோ?

மூன்றாவதும் வலியதுமான சான்று இடம். ஆசனத்தைக் கழற்றி, அதன் தண்டவாளத்தின் கீழும் வாயிற்படித் தகட்டின் கீழும் நோக்குக. வெயில் படாத அவ்விடங்களில் ஆதி நிறம் எஞ்சியிருக்கலாம். சிறு துணுக்கு ஒட்டியிருப்பினும் அது பெருஞ்சான்றே. தரைத் தகட்டில் பயன்படாத பழைய துளைகள் இருப்பின், கம்பளம் மாற்றப்பட்டதோ என வினவுதல் வேண்டும். ஓரப் பட்டியின் தையலும், சாரதியின் குதிக்கால் படுமிடத்துத் தேய்வும் வண்டியின் வயதுக்கு ஒத்திருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. எல்லா வண்டிகளும் முழுக் கம்பளத்தோடு பிறந்தனவல்ல. றோல்ஸ் றோய்ஸ் வண்டிகளில் உயர்ந்த வில்டன் கம்பளம் விரிக்கப்பட்டது. பழைய வோக்ஸ்வாகன் வண்டுக் காரின் முன்தரையில் இருந்ததோ இறப்பர் விரிப்பு. அத்தகைய வண்டியில் முன்தரையை மூடிய சொகுசுக் கம்பளம் அழகாயிருக்கலாம், மூலமாகாது.

கடற்கரையூர்களின் ஈரக்காற்றிற் சணலும் பருத்தியும் விரைவில் உக்கும். நனைந்த கம்பளத்தின் கீழ்த் தகடும் துருவேறும். ஆதலின் மாற்றுதல் சிலவேளை தவிர்க்கவியலாதது. அவ்வாறாயின், அகற்றுமுன் நிழற்படம் எடுத்து, அளவு குறித்து, ஒரு கையகலத் துண்டையேனும் உலர்த்திப் பேணுக. புதியதை நெய்விப்போருக்கு அத்துண்டே வழிகாட்டியாகும்.