லார்ப் கவசம்: தராசு சொல்லாத கணக்கு

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மதுரைத் தம்பி ஒருவன் போன வாரம் காபி மெஷின் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். “அண்ணா, ஆகஸ்ட்ல லார்ப்புக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். கவசம் வாங்கணும். இருக்கறதுலயே லைட்டா எது?”

நான்கு வருடம் முன்னால் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். பதிலும் கிடைத்தது. அந்தப் பதிலை நம்பிப் போய், ஒரு ஜூலை மதியம் ஜெர்மன் காட்டுக்குள் கண் இருட்டி உட்கார்ந்தேன். தம்பிக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் கணக்கோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் என்பதன் சுருக்கம் லார்ப். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கான உடையோடு, இரண்டு மூன்று நாள் காட்டிலோ கோட்டையிலோ அந்த ஆளாகவே இருப்பது. மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. இங்கிலாந்தில் 1982இல் பெக்ஃபோர்டன் கோட்டையில் ட்ரெஷர் ட்ராப் என்ற ஆட்டம் தொடங்கியது. இன்று ஜெர்மனியின் ப்ரோக்கெலோ கிராமத்தில் கோடையில் நடக்கும் கான்க்வெஸ்ட் ஆஃப் மித்தோடேயாவுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். சண்டையும் உண்டு. வாள் என்பது நடுவில் ஃபைபர் கிளாஸ் தண்டு, சுற்றிலும் ஃபோம், மேலே லேடெக்ஸ் பூச்சு. ஓங்கி அடிக்கக் கூடாது, பல ஆட்டங்களில் தலையில் அடிக்கவும் கூடாது.

அதாவது அடி வலிக்காது. வலிக்காத அடிக்கு எதற்குக் கவசம்? இந்தக் கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். லார்ப்பில் கவசத்துக்கு இரண்டே வேலை. ஒன்று, ஆட்ட விதிப்படி இன்னும் சில அடிகளைத் தாங்கும் உரிமை. சில ஆட்டங்களில் தோல், சங்கிலி, தகடு என்று வகைக்கேற்பப் புள்ளி தருவார்கள். ஜெர்மனியில் புள்ளியே இல்லாத ஒரு மரபும் பரவலாக இருக்கிறது. உன்னால் எதைக் காட்ட முடியுமோ அதுதான் உன்னால் முடியும் என்பது அதன் கொள்கை. நீ இரும்பு வீரன் மாதிரி தெரிந்தால், நடந்தால், எதிரி உன்னை அப்படி நடத்துவான். இரண்டாவது வேலை அதுதான்: தோற்றம். உடம்பைக் காப்பது பெரும்பாலும் கணக்கிலேயே இல்லை. அதனால் நாம் எடையைக் குறைக்கலாம். ஆனால் எந்த எடையை என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

முதலில் எளிய கணக்கு. நெஞ்சும் முதுகும் சேர்த்து மூட அரை சதுர மீட்டர் பொருள் வேண்டும் என்று வையுங்கள். 1.2 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் அது 4.7 கிலோ. 1.5 மில்லிமீட்டர் அலுமினியத்தில் 2 கிலோ. 4 மில்லிமீட்டர் தோலில் கிட்டத்தட்ட அதே 2 கிலோ. கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள ஈ.வி.ஏ. ஃபோமை 10 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தால் வெறும் அரை கிலோ. உடம்பு முழுக்க மூடும் அசல் எஃகுக் கவசம் 20 கிலோவைத் தொடும், நம்மூர் தண்ணீர் கேன் ஒன்றைச் சுமப்பது மாதிரி. எந்த இன்ஜினியரும் இந்த எண்களைப் பார்த்தால் ஃபோமைத்தான் எடுப்பான். நானும் எடுத்தேன். கழுத்து முதல் கணுக்கால் வரை, மொத்தம் 3 கிலோகூட இல்லை. லேப்டாப் பை அளவு.

அன்றைக்கு வெயில் 31 டிகிரி. சென்னைக்காரனுக்கு 31 டிகிரி ஒரு வெயிலா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓடிப் போய்ச் சண்டை போட்டு இருபது நிமிடத்தில் தலை கிறுகிறுத்தது. என் பக்கத்தில் எஃகு மார்புக்கவசம் போட்ட ஒரு ஐம்பது வயது ஜெர்மன்காரர் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடித்து மரநிழலில் உட்காரவைத்து, வார்களை அவிழ்த்து விட்டவரும் அவர்தான்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது விஷயம் வெட்கப்படும் அளவுக்கு எளிது. ஈ.வி.ஏ. என்பது ஷூவின் உள்மெத்தையிலும் பல யோகா பாய்களிலும் இருக்கும் அதே பொருள். அதனுள்ளே மூடிய குமிழிகள். தண்ணீர் போகாது, காற்றும் போகாது, எஃகைவிடச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெப்பத்தைக் கடத்தும். உடம்பு வேலை செய்யும்போது செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதை வெளியேற்ற முக்கிய வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியாகாமல் வழிந்தால் பிரயோஜனம் இல்லை, தாகம்தான் மிச்சம். நான் 3 கிலோவில் ஒரு ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தேன், ஐஸுக்குப் பதில் உள்ளே நான். எஃகும் வியர்வையை விடாதுதான். ஆனால் அவருடைய தகடு நெஞ்சை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது, பக்கவாட்டில் திறந்திருந்தது, உள்ளே லினன் சட்டை மட்டும். கை கால் காலி.

கை கால் காலி என்பது சும்மா இல்லை. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஆஸ்க்யூ குழு, 15ஆம் நூற்றாண்டுக் கவசங்களின் மாதிரிகளை அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்க, ஓட வைத்து அளந்தது. கவசங்களின் எடை 30 முதல் 50 கிலோ. நடக்க ஆகும் சக்தி இரண்டு மடங்குக்கு மேல் போனது, ஓடும்போது 1.9 மடங்கு. அதே எடையை முதுகில் பையாகச் சுமந்தால் இவ்வளவு ஆகாது. காரணம், காலில் கட்டிய எடையை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீச வேண்டும். போதாக்குறைக்கு நெஞ்சை இறுக்கும் தகடு ஆழமாக மூச்சுவிடத் தடை, அதனால் சின்னச் சின்ன மூச்சாக வேகமாக வாங்குகிறார்கள். நாம் 30 கிலோ போடப்போவதில்லை. ஆனால் பாடம் அதேதான்: முதலில் கெண்டைக்கால் கவசத்தைக் கழற்று, கடைசியில் மார்புக்கவசத்தை.

அப்போ ஃபோம் வேண்டாமா என்றால், வேண்டும். தோளுக்கும் முன்கைக்கும் நான் இன்னும் அதைத்தான் போடுகிறேன். விழுந்தால் உடம்பைக் குத்தாது, விலையும் கம்மி. வீட்டிலேயே செய்கிறவர்கள் ஹீட் கன்னால் மேற்பரப்பைச் சூடாக்கி மூடிவிட்டு, வளையக்கூடிய பூச்சு அடிக்க வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் இரண்டாவது சண்டையில் உரியும். ஒட்டும் கான்டாக்ட் சிமென்ட்டின் வாடை தலைவலி தரும், பால்கனியில் செய்யுங்கள். மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

சங்கிலிச் சட்டை ஆசை இருந்தால் அலுமினிய வளையத்தில் வாங்கலாம், எஃகில் 10 கிலோ இருப்பது 4 கிலோவுக்குள் வந்துவிடும். சத்தம் மட்டும் கொஞ்சம் தகர டப்பா மாதிரி. வளையங்கள் ரிவெட் அடிக்காமல் வெறுமனே முனை சேர்த்தவையாக இருந்தால் அங்கங்கே பிரியும், ஒரு குறடு கையில் இருக்கட்டும். எஃகுச் சங்கிலியேதான் வேண்டும் என்றால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கி, அதற்கு மேல் சட்டையைக் கொஞ்சம் இழுத்துத் தொங்கவிடுங்கள். தோளில் இருந்த எடையில் ஒரு பகுதி இடுப்புக்குப் போய்விடும். இந்த ஒரு தந்திரத்துக்கு முன்னும் பின்னும் என் கழுத்து வலியே வேறு. அடியில் போடும் பஞ்சு வைத்துத் தைத்த காம்பெசன் அங்கி அழகுதான். ஆனால் கோடையில் அது ஒரு ரஜாய்.

3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. கவசம் அச்சடிக்கிறேன் என்கிறவர்களிடம் ஒரே வார்த்தை: போட்டோவுக்குச் சரி, சண்டைக்கு வேண்டாம். 60 டிகிரியில் இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் வந்துவிடும். உடைந்தால் முனை கத்தி மாதிரி நிற்கும். லார்ப்பில் எதிராளியின் வாள் உங்களைக் கிழிக்காது. உங்கள் கவச விளிம்புதான் அவன் கையையும், அவன் காசு போட்டு வாங்கிய லேடெக்ஸையும் கிழிக்கும். தகடு வாங்கினால் விளிம்பு சுருட்டப்பட்டிருக்கிறதா, பக்கிள் முள் வெளியே நீட்டுகிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, அளவு. மார்புக்கவசம் தொப்புள் உயரத்தில், இடுப்பு மடியும் இடத்தில் முடிய வேண்டும். கடை போட்டோவில் இடுப்பெலும்பு வரை நீளமாக இருப்பது கம்பீரமாகத் தெரியும். உட்கார்ந்தால் தொடை அதை மேலே தள்ளி, மேல் விளிம்பு தொண்டையில் வந்து நிற்கும். என்னுடைய முதல் கவசத்தின் இரண்டாவது குற்றம் இது. வீட்டில் மாட்டிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், தரையில் சம்மணம் போடுங்கள், குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுங்கள், யார் உதவியும் இல்லாமல் கழிவறைக்குப் போய் வாருங்கள். ஒரு மணி நேரம் அப்படியே பாத்திரம் கழுவுங்கள். எது உறுத்துகிறதோ அது காட்டில் பத்து மடங்கு உறுத்தும்.

தம்பிக்குக் கடைசியில் நாங்கள் முடிவு செய்தது: அலுமினிய மார்புக்கவசம், பக்கவாட்டில் வார், உள்ளே லினன் சட்டை. ஃபோமில் ஒரு ஜோடி முன்கைக் கவசம். இடது தோளுக்கு மட்டும் ஒரு தோல் துண்டு. கால் காலி. மொத்தம் 4 கிலோவுக்குள். “அவ்ளோதானாண்ணா? ஹீரோ மாதிரி இருக்குமா?” என்று இழுத்தான். மிச்சமாகும் பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் ஸ்போர்ட்ஸ் ஷூவோடு சமாளிக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.